உப்புக் கரையில் செர்ரி இறால்: தொட்டி முதல் குஞ்சு வரை

விசைப்படகிலிருந்து கூடை கூடையாக இறங்கும் இறாலையும், தொண்டி, தேவிபட்டினம் பக்கத்துப் பண்ணைகளில் வளரும் வன்னாமி இறாலையும் கிலோக் கணக்கிலேயே பார்த்துப் பழகிய கரை இது. இங்கே, சுண்டுவிரல் நீளம்கூட வளராத ஓர் இறாலைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து அழகு பார்ப்பதை எவருக்கும் எளிதில் விளக்கிவிட முடியாது. கீழக்கரையில் என் தொட்டியை முதன்முதலில் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, "இது கூனிதானே தம்பி, இதுக்கா லைட்டு, மோட்டாரெல்லாம்?" என்று கேட்டார். பார்வைக்குக் கூனி என்னும் பொடி இறால்தான், ஆனால் இது கடலையே அறியாத நன்னீர் இறால்.

செர்ரி இறாலை வளர்ப்பது மிக எளிது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். குளிர்ந்த, உப்பற்ற தண்ணீர் குழாயில் வரும் ஊர்களுக்கு அது பொருந்தும். இராமநாதபுரம் கடலோரத்தில் நிலத்தடி நீரின் உப்பும் ஏப்ரல், மே மாத வெயிலும் அந்த எளிமையைக் கெடுத்துவிடுகின்றன. ஆகவே இவ்வழிகாட்டியில் தண்ணீருக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன். அதைச் சரிசெய்தவருக்கு மற்றவை தாமாகவே கைவரும்.

எந்த இறால்?

தொடங்குபவர் செர்ரி இறாலையே தேர்ந்தெடுக்க வேண்டும். இதன் அறிவியல் பெயர் நியோகாரிடினா டேவிடி. கிழக்குச் சீனா, தைவான், கொரியா ஆகிய பகுதிகளின் ஓடைகளைச் சேர்ந்தது. இயற்கையில் இதன் நிறம் மங்கிய பழுப்பு. சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, நீலம் என்று கடைகளில் காண்பவை எல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததால் வந்தவை. பெண் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் வளரும். ஆண் அதைவிடச் சிறியது. ஆயுள் ஒன்று முதல் இரண்டு ஆண்டுகள்.

கருப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக உள்ள கிரிஸ்டல், பீ வகை இறால்கள் அமிலத் தன்மையுள்ள மென்னீரையும் 24 டிகிரிக்கு உட்பட்ட குளிர்ச்சியையும் கேட்பவை. ஏசி அறை இல்லாதவர்கள் அவற்றின் பக்கம் போகவேண்டாம். அமானோ இறால் பாசியைத் தின்பதில் கெட்டிக்காரன். ஆனால் அதன் இளம்பருவம் உப்புநீரில் மிதந்து வளர வேண்டியது என்பதால் வீட்டுத் தொட்டியில் அது பெருகுவதில்லை. கண்மாயிலிருந்து அரித்து எடுக்கும் கண்ணாடி போன்ற இறாலையும் இத்துடன் சேர்க்கக் கூடாது. அவற்றில் பல, நீண்ட இடுக்கிக் கைகளோடு வளரும் ஆற்று இறாலின் குஞ்சுகள். ஒரு மாதத்தில் அவை செர்ரி இறாலையே பிடித்துத் தின்னத் தொடங்கும்.

தண்ணீர்

முதலில் வாங்க வேண்டியவை ஒரு டிடிஎஸ் மீட்டரும், ஜிஹெச், கேஹெச் இரண்டையும் அளக்கும் சொட்டுச் சோதனைப் பெட்டியும். நீரில் கரைந்துள்ள எல்லாவற்றின் மொத்தத்தையும் டிடிஎஸ் காட்டும். ஜிஹெச் என்பது கால்சியம், மக்னீசியம் இரண்டின் அளவு. கேஹெச் என்பது பிஎச் சட்டென்று சரியாமல் தாங்கும் கார்பனேட்டின் அளவு. செர்ரி இறாலுக்கு ஜிஹெச் 6 முதல் 8, கேஹெச் 2 முதல் 5, பிஎச் 6.8 முதல் 7.8, டிடிஎஸ் 180 முதல் 300 பிபிஎம் என்று வைத்துக்கொண்டால் போதும்.

இந்த எண்களில் டிடிஎஸ்ஸை மட்டும் நம்பி நான் ஏமாந்ததைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீர் 1,800 காட்டியது. 40 காட்டிய ஆர்ஓ நீரை ஒன்பது பங்கு எடுத்து, அதில் கிணற்று நீரை ஒரு பங்கு கலந்தேன். மீட்டர் 216 என்றது. புத்தகக் கணக்கில் அது அருமையான எண். பதினைந்து இறால்களை விட்டேன். முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இரண்டு நாளைக்கு ஒன்று என்று, சட்டை உரிக்கும் நேரத்தில், கழுத்தருகே வெள்ளை வளையம் விழுந்து செத்தன. ஜிஹெச் சோதித்தபோது அது 2 என்று காட்டியது. அதாவது, அந்த 216இல் பெரும்பகுதி சாப்பாட்டு உப்பான சோடியம் குளோரைடு. ஓடு கட்டத் தேவையான கால்சியம் அதில் அனேகமாக இல்லை. மேட்டுநில ஊர்களில் கிணற்று நீரை ஆர்ஓ நீரால் நீர்க்கச் செய்வது நல்ல வழிதான். கடலோரத்தில் அதே வழி, உப்பை வைத்துக்கொண்டு சுண்ணாம்பை நீர்க்கச் செய்வதில் முடிகிறது.

எனவே இங்கே செய்ய வேண்டியது, ஏறக்குறைய வெறுமையான நீரில் தொடங்கி, வேண்டிய தாதுக்களை நாமே சேர்ப்பது. வீட்டு ஆர்ஓ நீர், நம்பகமான கேன் தண்ணீர், மழைநீர் ஆகிய மூன்றும் இதற்கு ஆகும். கேன் தண்ணீரில் டிடிஎஸ் கேனுக்குக் கேன் மாறும் என்பதால் ஒவ்வொரு முறையும் அளந்து பார்க்க வேண்டும். மழைநீர் இவற்றுள் சிறந்தது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதைப் பிடித்து மூடி வைத்தால் பல மாதங்களுக்கு வரும். ஆனால் கடற்காற்று மாடித் தரையிலும் தகரத்திலும் உப்பைப் படியவைத்திருக்கும். முதல் இரண்டு மழையை அப்படியே ஓடவிட்டு, அதன் பிறகு பிடிப்பதே சரி. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் வீடுகளில் அதையும் பயன்படுத்தலாம். அதில் உள்ள குளோரினை நீக்க, ஏர் பம்ப் ஓடவிட்டு ஒருநாள் வைக்க வேண்டும் அல்லது தயோசல்பேட் குளோரின் நீக்கியைச் சேர்க்க வேண்டும். எந்த நீரானாலும் செம்புக் குடத்திலோ பித்தளை அண்டாவிலோ சேமிக்கக் கூடாது. மனிதருக்கு நல்லது என்று கருதப்படும் அந்தச் செம்பு, மிகச் சிறிய அளவிலேயே இறாலைக் கொன்றுவிடும்.

இறாலுக்கென்றே விற்கும் ஜிஹெச், கேஹெச் உப்புத் தூள் கிடைத்தால் அதுவே வசதி. கிடைக்காதவர்கள் வீட்டிலேயே கலந்துகொள்ளலாம். 20 லிட்டர் ஆர்ஓ நீருக்கு உணவுத் தர ஜிப்சம் 2.7 கிராம், எப்சம் உப்பு 1.3 கிராம், சமையல் சோடா 1 கிராம் என்ற அளவில் சேர்த்தால் ஜிஹெச் 6 அளவிலும் கேஹெச் 2க்குச் சற்றுக் குறைவாகவும் அமையும். நகை எடை போடும் சிறிய மின்தராசு இதற்குத் தேவை. கரண்டிக் கணக்கு உதவாது. ஜிப்சம் மெதுவாகவே கரையும். இரவில் கலந்து, காற்றுக்குமிழ் ஓடவிட்டு, மறுநாள் ஜிஹெச் அளந்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

கேஹெச்சில் உள்ள இந்தச் சிறு குறையை ஈடுகட்டக் கடலே கொடுக்கும் ஒரு பொருள் உண்டு. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் கணவாய் ஓட்டை எடுத்து, நல்ல தண்ணீரில் ஒரு வாரம் ஊறவைத்து, தினமும் நீரை மாற்றி, ஊறிய நீரின் டிடிஎஸ் ஏறாமல் நின்றதும் வெயிலில் காயவைத்து, கட்டைவிரல் அளவுத் துண்டாகத் தொட்டியில் போடலாம். அது மெல்லக் கரைவதோடு, இறால்களும் அதன் மேல் அமர்ந்து சுரண்டும். பவளத் துண்டையும் அப்படிப் போடலாமே என்று தோன்றும். மன்னார் வளைகுடாவின் பவளம் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ளது; செத்துக் கரை ஒதுங்கிய துண்டானாலும் தொடக்கூடாது.

தொட்டியும் இடமும்

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி முக்கால் பங்குக்குச் சற்று மேல் நிரப்பினால் ஏறக்குறைய 45 லிட்டர் பிடிக்கும். இதைவிடச் சிறியதிலும் இறால் வாழும் என்றாலும், நீர் குறையக் குறைய வெப்பமும் அழுக்கும் வேகமாக ஏறும் என்பதால் 20 லிட்டருக்குக் கீழே இறங்க வேண்டாம். வெயில் நேரடியாகப் படாத, மேல்தளத்துச் சூடு இறங்காத கீழ்த்தள உள்ளறையில், முடிந்தவரை தரைக்கு அருகே வைக்க வேண்டும்.

வடிகட்டிக்கு ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று போதும். மோட்டார் வைத்த வடிகட்டி, குஞ்சுகளை உறிஞ்சிக் கொன்றுவிடும். தரைக்கு ஆற்று மணலைப் பத்துத் தடவை அலசி ஒரு அங்குலம் பரப்பலாம். கடற்கரை மணலில் உப்பும் சிப்பித் தூளும் கலந்திருப்பதால் அது ஆகாது. ஜாவா பாசி ஒரு பிடி, நன்றாக ஊறவைத்த கட்டை ஒன்று, காய்ந்து பழுத்து உதிர்ந்த பாதாம் இலை இரண்டு ஆகியவை கட்டாயம். பாதாம் மரம் நம் கரையோரத் தெருக்களில் எங்கும் உண்டு. சாலைப் புகை படாத மரத்தின் இலையைப் பொறுக்கிக் கழுவிப் போட்டால், அது மக்கும்போது மேலே படரும் மெல்லிய படலமே இறாலின் முதன்மை உணவு. கண்மாயிலிருந்து செடி கொண்டுவந்து போடுவதைத் தவிர்க்க வேண்டும். அதனுடன் வரும் தும்பிப் புழு, இரவு இரவாக இறாலைத் தின்று தீர்த்தபின்தான் கண்ணில் படும்.

தொட்டியைப் பழக்குதல்

இறால் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அதை ஒரு வகை நுண்ணுயிர் நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அந்த நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்த நுண்ணுயிர்கள் ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நம் சூட்டில் சற்று விரைவாகவே நடக்கும் என்றாலும், வெப்பமும் பிஎச்சும் கூடிய நீரில் அம்மோனியாவின் நச்சும் கூடும் என்பதால் அவசரப்படுவதில் ஆதாயம் இல்லை.

இந்தக் காலத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை மீன் தீவனம் போட்டு வர வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து ஒரு வாரம் பூஜ்யமாக நின்றால் தொட்டி பழகிவிட்டது எனலாம். அதன் பிறகும் நான் இரண்டு வாரம் காத்திருப்பேன். கண்ணாடியில் பச்சைப் பாசி படிந்து, தடவினால் வழுக்குகிற நிலை வந்தால்தான் இறாலுக்கு மேய்ச்சல் இருக்கிறது என்று பொருள். பழைய, நோயற்ற தொட்டி வைத்திருக்கும் நண்பரிடமிருந்து ஒரு ஸ்பாஞ்சைக் கொண்டுவந்து போட்டால் பாதி நாள் மிச்சம்.

இறாலை இறக்குதல்

பத்து முதல் பதினைந்து இறால்கள் தொடக்கத்துக்குப் போதும். முழுதாக வளர்ந்தவற்றைவிட ஒன்றரை சென்டிமீட்டர் அளவுள்ள இளம் இறால்கள் புதிய நீருக்கு எளிதில் பழகும். வாங்கும் இடத்து நீரின் டிடிஎஸ்ஸைக் கேட்டு, இயன்றால் உங்கள் மீட்டராலேயே அளந்துகொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பை நீரோடு இறால்களை ஒரு சிறு வாளியில் ஊற்றி, ஏர் குழாய் ஒன்றைத் தொட்டியிலிருந்து இறக்கி, அதில் தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டு, நொடிக்கு இரண்டு மூன்று சொட்டு விழும்படி வைக்க வேண்டும். வாளி நீர் மூன்று நான்கு மடங்காக ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகலாம். பிறகு வலையால் இறாலை மட்டும் தொட்டிக்கு மாற்றி, வாளி நீரைக் கொட்டிவிட வேண்டும். அன்றிரவு விளக்கையும் உணவையும் தவிர்ப்பது நல்லது. மறுநாள் ஒன்றுகூடக் கண்ணில் படாமல் போகலாம். பாசிக்குள் ஒளிந்திருக்கும், கவலை வேண்டாம்.

தீனி

இறால் வளர்ப்பில் பட்டினியால் செத்ததைவிட அதிகத் தீனியால் செத்ததே மிகுதி. பதினைந்து இறால்களுக்கு வாரத்தில் மூன்று நாள், கடுகளவு தீவனம் இரண்டு மூன்று துண்டு போதும். இரண்டு மணி நேரத்தில் தீராததை எடுத்துவிட வேண்டும். வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்த முருங்கை இலை, பீர்க்கங்காய்த் துண்டு, பூசணித் துண்டு எல்லாவற்றையும் விரும்பி மேயும். சந்தைக் காய்களில் பூச்சிமருந்து தங்கியிருக்கும். இறாலும் பூச்சியும் ஒரே கணுக்காலி இனம் என்பதால் அந்த மருந்துக்கு வேறுபாடு தெரியாது. கொல்லை முருங்கையே பாதுகாப்பானது. கருவாட்டுத் தூளும் கூனிப்பொடியும் உப்பு என்பதால் வேண்டாம்.

கண்ணாடியில் வெள்ளை நூல் போல, முக்கோணத் தலையோடு புழு ஊர்ந்தால் அது பிளனேரியா, குஞ்சுகளைப் பிடிக்கும். தீனியைப் பாதியாகக் குறைப்பதே முதல் மருந்து.

சட்டை உரித்தல்

இளம் இறால் வாரத்துக்கு ஒருமுறையும், வளர்ந்தது மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறையும் ஓட்டைக் கழற்றும். தரையில் கண், மீசை, கால் எல்லாம் அப்படியே இருக்க, உள்ளே வெறுமையாக, கண்ணாடி போல ஒன்று கிடந்தால் அது சட்டை. இளஞ்சிவப்பாக, வேகவைத்தது போல ஒளி ஊடுருவாமல் கிடந்தால் அது செத்த இறால். சட்டையை எடுக்காமல் விட்டுவிடுங்கள். அவையே தின்று கால்சியத்தை மீட்டுக்கொள்ளும்.

வெள்ளை வளையத்துக்கு ஜிஹெச் குறைவு ஒரு காரணம். ஒரே தடவையில் நிறைய நீர் மாற்றுவது மற்றொன்று. திடீர் மாற்றம் பக்குவப்படாத நேரத்தில் சட்டையைக் கழற்றத் தூண்டும். ஆகவே வாரம் 10 விழுக்காடு மட்டும், அதே ஜிஹெச் உள்ள நீரை, சொட்டுக் குழாய் வழியாகவே மாற்ற வேண்டும். ஆவியாகிக் குறைந்ததை ஈடுகட்டத் தாது சேர்க்காத வெறும் ஆர்ஓ நீரை ஊற்ற வேண்டும். நீர்தான் ஆவியாகிறது, தாது தொட்டியிலேயே தங்கிவிடுகிறது.

சினையும் குஞ்சும்

இரண்டரை, மூன்று மாதத்தில் இறால் பருவத்துக்கு வரும். பெண் பருமனாகவும் அடர்ந்த நிறத்தோடும் இருக்கும். வயிற்றுப் பக்கம் வில்போல் கீழ்நோக்கி வளைந்திருக்கும். ஆண் ஒல்லியாக, நேரான அடிப்பக்கத்தோடு, வெளிறி இருக்கும். பெண்ணின் கழுத்துக்குப் பின்னால், முதுகில் சேணம் வைத்ததுபோல் மஞ்சள் நிறத்தில் தெரிவது சினைப்பையில் முதிரும் முட்டைகள்.

அந்நிலையில் பெண் சட்டை உரித்ததும் நீரில் ஒரு வாசனைப் பொருளை வெளியிடும். அன்று தொட்டியே கலவரப்பட்டது போலிருக்கும்: எப்போதும் தரையில் மேயும் ஆண்கள் எல்லாம் மேலும் கீழுமாக, கண்ணாடியில் மோதி மோதி நீந்தும். புதியவர்கள் இதைப் பார்த்து நீர் கெட்டுவிட்டதென்று பயந்து நீரை மாற்றிவிடுவார்கள், மாற்றாதீர்கள். சில மணி நேரத்தில் சேணம் காணாமல் போய், வாலடியின் நீந்து கால்களுக்கு இடையே திராட்சைக் குலை போல 20 முதல் 30 முட்டைகள் தெரியும். சினை இறால் அவற்றை ஓயாமல் விசிறிக்கொண்டே இருக்கும். கைவிளக்கை அடித்து அருகில் பார்த்தால், அவ்வப்போது ஒரு முட்டையைக் காலால் எடுத்து உருட்டித் துடைத்து மீண்டும் உள்ளே வைப்பதைக் காணலாம்.

25 டிகிரி அளவில் முட்டை பொரிய மூன்றரை முதல் நான்கு வாரம் ஆகும்; சூடு கூடினால் நாள் குறையும். கடைசி நாள்களில் ஒவ்வொரு முட்டையிலும் இரண்டு கரும்புள்ளிகள் தெரியும். அவை குஞ்சின் கண்கள். கடல் இறாலைப் போலப் பல இளம்பருவங்கள் இதற்கு இல்லை. ஏறக்குறைய 2 மில்லிமீட்டரில், தாயின் அச்சு அசலாகவே குஞ்சு வெளிவரும். வேறு தொட்டிக்கு மாற்றத் தேவையில்லை, தாய் தின்னாது. முதல் வாரம் குஞ்சு ஓரிடத்திலேயே ஒட்டிக்கொண்டு மேயும் என்பதால், பாசியும் இலைப் படலமும் இல்லாத பளபளப்பான தொட்டியில் அது பிழைக்காது. முதல் சினையில் பெண் முட்டைகளை உதிர்த்துவிடுவது வழக்கம்தான். இரண்டாம் முறை நிலைக்கும். கப்பி, மோலி என எந்த மீன் இருந்தாலும் குஞ்சு மீதியாகாது.

கோடையைக் கடத்துதல்

22 முதல் 26 டிகிரி செல்சியஸ் இறாலுக்கு உகந்தது. 28 வரை தாங்கும். 30ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் சினை பிடிக்காது, பெரியவை முதலில் சாகும். சூட்டில் வளரும் குஞ்சுகளில் ஆண்களின் எண்ணிக்கை கூடிவிடுவதும் உண்டு. நம் ஊரில் சித்திரை, வைகாசியில் இரவிலும் நீர் 30க்குக் கீழே இறங்க மறுக்கும்.

மூடியைக் கழற்றி, வலையைக் கட்டி, நீர்ப்பரப்பின் மேல் சாய்வாகச் சிறு மின்விசிறியை ஓட்டுவதே மலிவான வழி. காற்று உலர்ந்திருக்கும்போது இரண்டு மூன்று டிகிரி குறையும். கடற்காற்று ஈரமாக வீசும் நாளில் அவ்வளவு குறையாது. அப்போது உறையவைத்த அரை லிட்டர் பாட்டிலை மதியம் ஒன்றும் மாலை ஒன்றும் மிதக்கவிடலாம். ஒரே நேரத்தில் இரண்டு போட்டால் வெப்பம் சட்டென்று இறங்கி வேறு தொல்லை வரும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு என்பதால் மின்வெட்டே பெரிய ஆபத்து. தூண்டில்காரர்கள் உயிர் இரையைக் காக்கப் பயன்படுத்தும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை வாங்கித் தொட்டியருகிலேயே வைத்திருப்பது நல்லது.

கொசு மருந்து

இதைத் தனியே சொல்லக் காரணம், நல்ல நீரும் நல்ல தொட்டியும் ஒரே இரவில் இதனால் காலியாவதுதான். மின் கொசுவிரட்டி, கொசுவத்தி, கரப்பான் தெளிப்பான் ஆகியவற்றில் உள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனைவிட இறாலை வெகு விரைவில் கொல்லும். ஏர் பம்ப் அறைக் காற்றையே உறிஞ்சி நீருக்குள் செலுத்துகிறது என்பதை மறந்துவிடுகிறோம். இறால் அறையில் கொசுவலை மட்டுமே. தெருவில் புகை அடிக்க வரும் நாளில் சன்னலைச் சாத்தி, அரைமணி நேரம் பம்பை நிறுத்தி, ஈரத் துணியால் தொட்டியை மூடுங்கள். மீன் நோய் மருந்துகளில் காப்பர் சல்பேட் இருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் ஊற்ற வேண்டாம்.

நிறமும் மிச்சமும்

சிவப்பையும் நீலத்தையும் மஞ்சளையும் ஒரே தொட்டியில் விட்டால் பார்க்க அழகாயிருக்கும். அவை கலந்து சில தலைமுறைகளில் எல்லாம் பழுப்பாகிவிடும். ஒரு தொட்டிக்கு ஒரே நிறம் என்பதே முறை. மாதம் ஒருமுறை வெளிறியவற்றைப் பிடித்து வேறு தொட்டிக்கு மாற்றினால் ஓராண்டில் சிவப்பின் அடர்த்தி கண்ணுக்குத் தெரியும். பதினைந்தில் தொடங்கிய தொட்டி ஓராண்டுக்குள் நூறைத் தாண்டிவிடும்.

மிஞ்சியதைக் கண்மாயிலோ ஊருணியிலோ விடக்கூடாது. ஜெர்மனியில் மின்நிலையத்தின் வெந்நீர் கலக்கும் ஓடையிலேயே இவ்விறால் குடியேறிவிட்டது. நம் நீர்நிலைகளில் உள்ள நாட்டுக் கூனியோடு அதைப் போட்டிக்கு விட வேண்டியதில்லை. பண்ணை இறாலைத் தாக்கும் வெள்ளைப்புள்ளி நோய்க் கிருமி நன்னீர் இறாலிலும் பற்றக்கூடியது என்பதால், தொட்டி நீரையும் வாய்க்காலில் கொட்டாமல் தென்னைக்கோ வாழைக்கோ ஊற்றிவிடலாம்.

நண்பர்களுக்குக் கொடுப்பதானால் முதல்நாள் தீனியை நிறுத்திவிட்டு, பையில் மூன்றில் ஒரு பங்கு தொட்டி நீரும் மீதி காற்றுமாகக் கட்டி, இறால்கள் பிடித்துக்கொள்ள ஒரு கொத்துப் பாசியையும் உள்ளே போட வேண்டும். மதுரைக்கு அனுப்புவதென்றால் விடியற்காலைப் பேருந்தில் அனுப்புகிறேன். பையின் மேல் அந்த நீரின் டிடிஎஸ்ஸையும் ஜிஹெச்சையும் எழுதி ஒட்டிவிடுவேன்.